முட்டை விமானமும் மூக்கில் எடையும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜப்பானின் ஹாசெகாவா நிறுவனத்து ‘எக் பிளேன்’ வரிசையில் (விமானங்களை முட்டை வடிவில் உருட்டிய பிளாஸ்டிக் மாடல்கள்) எஃப்-4 ஃபேன்டம் என்ற அமெரிக்கப் போர் விமானத்தின் கிட் ஒன்று என் 10 வயது மகனுக்குப் பரிசாக வந்திருக்கிறது. துண்டுகள் கொஞ்சம்தான். ஒரே மாலையில் முடித்துவிடலாமா?

பதில்: ஒட்டி முடிக்கலாம். பார்க்க நன்றாக இருக்க வேண்டுமென்றால் நான்கு நாட்களாவது தள்ளி வைத்துத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து துண்டைப் பிய்க்கச் சொல்லாதீர்கள். பிய்த்தால் பள்ளம் விழும். முதலில் 2 மி.மீ. காம்பு விட்டு நிப்பரால் (வெட்டும் சின்னக் குறடு) வெட்ட வேண்டும். பிறகு அந்தக் காம்பைத் தனியாக நறுக்கி, மிச்சத்தை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்க்கலாம். நிப்பர் இல்லையென்றால் புது நகவெட்டி போதும். பசை வேலையைப் பெரியவர் யாராவது ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்வது நல்லது.

ஒன்றைக் கவனியுங்கள். அசல் ஃபேன்டமில் இறக்கையின் நுனி 12 டிகிரி மேல்நோக்கி மடங்கியிருக்கும். வால் இறக்கை ஏறத்தாழ 23 டிகிரி கீழே சரிந்திருக்கும். உடம்பை முட்டையாக உருட்டிய பிறகும் ‘இது ஃபேன்டம்’ என்று காட்டிக்கொடுப்பவை இந்த இரண்டும்தான். வால் இறக்கைகளை ஒட்டியதும் பின்னாலிருந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு சரிந்திருக்கிறதா என்று பார்த்து, பசை இறுகும் வரை டேப் போட்டுப் பிடித்து வையுங்கள்.

கேள்வி: இரண்டு பாதி உடம்பையும் ஒட்டி, இடைவெளியை அடைக்கும் பட்டியும் (putty) பூசித் தேய்த்தேன். பெயின்ட் அடித்ததும் நடுக்கோடு மறுபடி தெரிகிறது. ஏன்?

பதில்: அவசரம்தான். முட்டை விமானத்தின் உண்மையான கஷ்டமே இந்த ஒரு கோடுதான். சாதாரண மாடலில் கோட்டை மறைக்கப் பத்து விவரங்கள் இருக்கும். இங்கே வழவழப்பான வளைவு மட்டும்தான். வெளிச்சம் பட்டதும் குறை தெரிந்துவிடும்.

மாடல் பசை பிளாஸ்டிக்கையே கரைத்து இணைக்கிறது. பசை விட்டு அரை நிமிடம் கழித்து இரண்டு பாதியையும் இறுக்கினால், கரைந்த பிளாஸ்டிக் நூல்போல் கோடு நெடுகப் பிதுங்கி வரும். அதைத் துடைக்காதீர்கள், அதுவே இடைவெளியை அடைக்கும். 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். உள்ளே மென்மையாக இருக்கும்போதே தேய்த்தால், பின்னால் அது காய்ந்து சுருங்கும். கோடு பள்ளமாகத் திரும்பி வரும். பட்டிக்கும் இதே கதைதான்.

தேய்க்கும் முன் கோட்டின் மேல் மார்க்கர் பேனாவால் குறுக்குக் கோடுகள் இழுத்துக்கொள்ளுங்கள். 400, 600, 1000 என்ற வரிசையில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து வரும்போது எங்கே மை போகாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். உப்புத்தாளைக் கட்டையில் சுற்ற வேண்டாம், முட்டை தட்டையாகிவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சுத் துண்டில் சுற்றினால் வளைவோடு போகும்.

கேள்வி: விமானம் வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை வானத்துக்குத் தூக்கி உட்காருகிறது. உடம்பை ஏற்கெனவே ஒட்டிவிட்டேனே!

பதில்: மூக்கின் கீழ் ஒரு சக்கரமும் பின்னால் இரண்டும் உள்ள ஜெட் மாடல்களில் வரும் வழக்கமான கோளாறு. பின்சக்கரங்களுக்கு முன்னால் எடை போதவில்லை. மூக்குச் சக்கரக் குழியில் ஒரு ஓட்டை போட்டு, சைக்கிள் கடையில் கிடைக்கும் சின்ன இரும்புக் குண்டுகளை (பால்ஸ்) ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுங்கள். மூக்கு தானாக இறங்கியதும் இன்னும் இரண்டு சேர்த்து, ஃபெவிகுவிக் விட்டு இறுக்கி, மூக்கைக் கீழே பார்க்க வைத்துக் காயவிடுங்கள். காக்பிட் கண்ணாடியை ஒட்டும் முன் இதைச் செய்வது உத்தமம்.

அடுத்த முறை ஒட்டுவதற்கு முன்பே இரண்டு பாதியையும் டேப்பால் சேர்த்து, பின்சக்கரம் வரும் இடத்தில் ஒரு பென்சில் மேல் நிறுத்திப் பாருங்கள். எவ்வளவு எடை தேவை என்று அப்போதே தெரிந்துவிடும். தூண்டில் ஈயக்குண்டும் போடலாம். ஆனால் அதை வெள்ளைப் பசையில் புதைக்காதீர்கள். நாளடைவில் ஈயம் வெள்ளைப் பொடியாகி வீங்கி உடம்பைப் பிளந்துவிடும். எம்-சீல் போதும். ஈயத்தைத் தொட்ட கையை உடனே கழுவுங்கள்.

கேள்வி: காக்பிட் கண்ணாடி பனி படிந்ததுபோல் வெளுத்துவிட்டது.

பதில்: ஃபெவிகுவிக் வகைப் பசையின் ஆவி படிந்திருக்கிறது. வெளிப்பக்கம் என்றால் 2000 நம்பர் தாளில் ஈரமாகத் தேய்த்து, பற்பசை தொட்ட துணியால் மெருகேற்றினால் தெளியும். கண்ணாடிக்கு எப்போதும் வெள்ளை ஃபெவிகால்தான், காய்ந்தால் நிறமற்றுவிடும்.

கேள்வி: ஸ்டிக்கருக்கு அடியில் வெள்ளி வெள்ளியாக மின்னுகிறது.

பதில்: மேட் (பளபளப்பில்லாத) பெயின்டின் சொரசொரப்பில் காற்று சிக்கியிருக்கிறது. பளபளப்பான (gloss) வார்னிஷ் ஒரு கோட் அடித்து, காய்ந்த பிறகே தண்ணீரில் நனைத்து ஒட்டும் இந்த ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். வளைவில் மடங்கினால் ஓரத்தில் இரண்டு மூன்று சின்ன வெட்டு கொடுத்து, ஸ்டிக்கரை இளக்கும் திரவமான டீக்கல் சாஃப்ட்னர் தடவுங்கள். தடவியதும் அப்பளம்போல் சுருங்கிப் பயமுறுத்தும். அப்போது விரல் பட்டால் கிழியும். விட்டுவிடுங்கள், காயும்போது அதுவே படிந்துவிடும்.