காப்பர்-டி பொருத்தும்போது வலி: வாசகியரின் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: திருமணமாகி ஓராண்டாகிறது. கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி சாதனத்தைப் போட்டுக்கொள்ள எண்ணுகிறேன். 'எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும்' என்கிறார்கள். உண்மையா?

பதில்: சிலருக்கு அப்படித்தான், பலருக்கு அப்படியில்லை. கருப்பை வாயை இடுக்கியால் பிடிக்கும்போது சுருக்கென்ற வலியும், கருப்பையின் ஆழத்தை அளக்கும் மெல்லிய கம்பி நுழையும்போதும் சாதனத்தை வைக்கும்போதும் மாதவிடாய் வலி போன்ற பிசைவும் வரலாம். பிரசவிக்காதவர்களுக்கும், சிசேரியனில் மட்டுமே குழந்தை பெற்றவர்களுக்கும் வலி கூடுதலாக இருப்பது வழக்கம்.

கேள்வி: வலியைக் குறைக்க என்ன வழி என்று மருத்துவரிடம் கேட்கலாமா?

பதில்: நீங்கள் கேட்கும் முன்பே அவர் சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், வலியைப் பற்றி முன்கூட்டியே பேசி அவரவர் விருப்பத்துக்கேற்பத் திட்டமிட வேண்டும் என்றே சொல்கிறது. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் மருந்தைக் கருப்பை வாயில் கிரீமாகவோ ஸ்ப்ரேயாகவோ பயன்படுத்தலாம்; கருப்பை வாயைச் சுற்றி ஊசியாகவும் போடலாம். ஊசி குத்தும்போது வலிக்கும் என்றாலும், அடுத்து வரும் பிசைவை அது குறைக்கக்கூடும். எதுவாயினும் மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும் (நெரிசலான புறநோயாளிப் பிரிவில் கைவிடப்படுவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான்). பல் பிடுங்கும்போது போடுவதும் பெரும்பாலும் இதே மருந்துதான் என்பதால், அந்த ஊசி உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் மறவாமல் சொல்லுங்கள்.

கேள்வி: முன்னதாக ஐபுப்ரோஃபென் மாத்திரை போட்டுக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. பொருத்தும் நேரத்து வலியை அது குறைப்பதாக நிறுவப்படவில்லை; பின்னர் வரும் வயிற்றுப்பிடிப்புக்கு உதவும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் எடுக்க வேண்டாம். கருப்பை வாயை இளகச் செய்யும் மிசோப்ரோஸ்டால் எல்லோருக்கும் வழக்கமாகத் தர வேண்டிய மருந்தன்று. அதுவே வயிற்றுவலியையும் பேதியையும் தரலாம்.

கேள்வி: பிரசவம் முடிந்தவுடன் போட்டாலும் வலிக்குமா?

பதில்: நஞ்சுக்கொடி வெளியேறிய 10 நிமிடங்களுக்குள்ளோ, 48 மணி நேரத்துக்குள்ளோ பொருத்தும்போது கருப்பை வாய் திறந்திருப்பதால் பொதுவாக வலி குறைவே. ஆனால் அதற்கான சம்மதத்தைக் கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே கேட்டிருக்க வேண்டும். பிரசவ வலியில் துடிப்பவரிடம் வாங்கும் கையெழுத்தை நான் சம்மதமாகக் கருதுவதில்லை.

கேள்வி: பாதியில் வலி தாங்க முடியாவிட்டால்?

பதில்: நிறுத்தச் சொல்லுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுத் தொடரவோ, வேறொரு நாளில் மயக்க மருந்து கொடுத்துப் பொருத்தவோ முடியும். தலைசுற்றினால் எழாமல் படுத்தே இருங்கள். வீடு திரும்பிய பின் காய்ச்சலோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதலோ, மாத்திரைக்கு அடங்காத வலியோ இருந்தால், மறுபரிசோதனைத் தேதிவரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.