மேடையிலிருந்து திரைக்கு வந்த நடிகைகளில் உங்களை அதிகம் வியக்க வைத்தவர் யார்? ஏன்?

கே.பி.சுந்தராம்பாள். யோசிக்காமலே சொல்லிவிடுவேன். ஆனால் காரணம் கேட்டால், வழக்கமாகச் சொல்லப்படுவதை நான் சொல்ல மாட்டேன்.

அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் அவருடைய கணவரும் பெரிய நாடகப் பாடகருமான கிட்டப்பாவின் கதைக்குப் போய்விடுவார்கள். இலங்கை மேடையில் சேர்ந்த ஜோடி, திருமணம், 1933 டிசம்பரில் கிட்டப்பாவின் மறைவு, 25 வயதில் வெள்ளைப் புடவை. உருக்கமான கதைதான், மறுக்கவில்லை. அதற்குப் பிறகு 1980 வரை வாழ்ந்தாரே, அத்தனை ஆண்டுகள் தொழிலை எப்படி நடத்தினார் என்பது மட்டும் ஏனோ ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. எனக்கு வியப்பு அங்கேதான்.

1908இல் கொடுமுடியில் பிறந்தவர். வறுமை. நாடகக் கம்பெனியில் சிறுமியாகச் சேர்ந்து, பிள்ளை வேடங்களில் தொடங்கி வளர்ந்தார். அன்றைய ஸ்பெஷல் நாடகத்தை இன்று கற்பனை செய்வதே கடினம். ராஜபார்ட், அதாவது நாயகன், ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகியான ஸ்திரீ பார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், ஒத்திகை கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் மாலையில் சந்தித்து இரவில் மேடையேறிவிடுவார்கள். 'வள்ளி திருமணம்' என்றால் வள்ளிக்கும் வேடனுக்கும் நடக்கும் தர்க்கம்தான் உயிர். எதிராளி எங்கே இழுப்பார் என்று முன்கூட்டித் தெரியாது. பதில் அந்த நொடியில் வர வேண்டும், சுருதி விலகாமல் வர வேண்டும், மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். கிட்டப்பாவின் உச்சக் குரலுக்கு ஈடுகொடுத்தவர் என்றால் அந்தப் பயிற்சி எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவர் போனபின் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தவர், இனி ஆணுடன் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். ஒரு நடிகைக்கு இது தொழிலையே மூட்டை கட்டுவதற்குச் சமம். 'நந்தனார்' படத்துக்காக அழைப்பு வந்தபோது, தட்டிக்கழிக்கும் எண்ணத்தில் ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். தயாரிப்பாளர் சரி என்றுவிட்டார்! 1935இல் வெளியான அந்தப் படத்தில் நந்தனாராக, அதாவது ஆண் வேடத்தில் நடித்தார். சபதத்துக்கும் பங்கமில்லை, சம்பளமும் அதுவரை கேள்விப்படாத தொகை. படம் பெரிதாக எடுபடவில்லை. ஆனந்த விகடனில் கல்கியின் விமர்சனமும் கடுமையாகவே இருந்தது.

அதன்பின் அவர் ஏற்ற வேடங்களை வரிசையாகப் பாருங்கள். 1940இல் மணிமேகலை, 1953இல் ஜெமினி ஸ்டுடியோ எடுத்த படத்தில் ஔவையார், 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், 1973இல் காரைக்கால் அம்மையார். அத்தனை பேரும் இல்லறத்துக்கு வெளியே நின்றவர்கள். தமிழ் இலக்கியத்திலும் பக்தி மரபிலும் இப்படிப்பட்ட பெண்கள் இத்தனை பேர் இருப்பது அவருடைய அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்வேன். மற்ற நடிகைகளுக்கு 35 வயதில் அம்மா வேடம் வந்து வாய்ப்பு சுருங்கும். இவருக்கு 45 வயதில்தான் வாழ்க்கையின் மிகப் பெரிய படமே வந்தது. சபதத்தை அவர் இழப்பாகச் சுமக்கவில்லை, அதையே தன் முத்திரையாக்கிக்கொண்டார் என்பது என் எண்ணம்.

'பூம்புகார்' பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். வசனம் கருணாநிதி. இவரோ நெற்றி நிறையத் திருநீறு பூசும் முருக பக்தை, காங்கிரஸ் மேடைகளில் பாடியவர், காங்கிரஸ் சார்பில் சட்ட மேலவையில் இருந்தவர். ஒரு பாட்டில் தெய்வம் எங்கே போனது என்று கேட்கும் வரியைப் பாட மறுத்துவிட்டாராம். தெய்வம் வந்துவிட்டது என்று வரி மாறியது. படத்தில் இருப்பது மாற்றிய வரிதான். கொள்கையில் எதிரெதிர்த் திசையில் நின்ற இருவர் ஒரு வரியில் இணங்கிப் போனது எனக்குப் பிடிக்கும்.

'திருவிளையாடல்' படத்தில் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை ஔவையாராக வந்து சமாதானப்படுத்தும் காட்சியில் அவரைக் கவனியுங்கள். 56, 57 வயது. கையில் கோல்; பெரிய பாவனை எதுவும் கிடையாது. உண்மையைச் சொன்னால், முக நடிப்பில் அவரைவிடத் தேர்ந்தவர்கள் பலர் உண்டு. குரல் மேலே ஏறும்போதுதான் விஷயம் புரியும். உச்சத்தில் நிற்கும்போதும் ழகரமும் றகரமும் குழையாது, ஒரு சொல்கூடக் காதில் நழுவாது. மைக் இல்லாத மேடை கற்றுக்கொடுத்த உச்சரிப்பு, மைக் வந்த பிறகும் போகவில்லை.

'துணைவன்' படத்துக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ எல்லாம் வந்தன. சொந்த ஊரில் தன் பெயரில் ஒரு தியேட்டரும் கட்டினார். ரயிலில் பாடிக் காசு சேர்த்த சிறுமி என்று அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் இந்தத் தியேட்டரையும் சேர்த்துச் சொல்லலாம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் 'திருவிளையாடல்', 'பூம்புகார்' என்ற வரிசையில் தொடங்குங்கள். 'ஔவையார்' நீளமான படம். ஒரே மூச்சில் பார்க்காமல் இரண்டு மூன்று தவணையாகப் பாருங்கள்.