என் மகனால் அமெரிக்க அதிபர் ஆக முடியும், மகளால் முடியாது

"மகள் சென்னையில் பிறந்தவள், ஒரு வயதுக்குள் அமெரிக்கா வந்துவிட்டோம், இப்போது அவளும் சிட்டிசன். பின்னாளில் அதிபர் தேர்தலில் நிற்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. நேராகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி எங்கள் வீட்டில் வந்தபோது நான் மழுப்பப் போய், அது அவளுக்கு இன்னும் வருத்தமாகிவிட்டது.

எங்கள் மூத்தவள் மதுரையில் பிறந்து பத்து மாதக் கைக்குழந்தையாக டெக்ஸாஸ் வந்தாள். சின்னவன் இங்கேயே பிறந்தான். நான் குடியுரிமை உறுதிமொழி எடுத்தபோது அவளுக்குப் பதினாறு வயது. கிரீன் கார்டோடு பெற்றோருடன் வசிக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால், அம்மாவோ அப்பாவோ சிட்டிசன் ஆனதும் சட்டப்படி அந்தப் பிள்ளையும் சிட்டிசன்தான், தனி உறுதிமொழி கிடையாது. அவளுடைய பாஸ்போர்ட் வந்த அன்று தம்பியுடையதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே நீல அட்டை, அதே கழுகு. பிறந்த இடம் என்ற வரியில் மட்டும் அவனுக்கு டெக்ஸாஸ் என்றிருந்தது, அவளுக்கு இந்தியா. "இந்த ஒரு வரிக்காகத்தான் அவன் பிரசிடென்ட் ஆகலாம், நான் ஆகக்கூடாதாப்பா?" என்று கேட்டாள். சட்டம் மாறினாலும் மாறும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பவில்லை.

அரசியல் சாசனம் அதிபருக்குக் கேட்பது மூன்றே மூன்று: வயது 35, நாட்டில் 14 ஆண்டு வசித்திருக்க வேண்டும், 'நேச்சுரல் பார்ன் சிட்டிசன்' ஆக இருக்க வேண்டும், அதாவது பிறக்கும்போதே குடிமகன். நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு ஏழு ஆண்டு குடியுரிமை போதும், மேலவையான செனட்டுக்கு ஒன்பது. ஆண்டுக் கணக்கு வைக்கத் தெரிந்தவர்கள்தான் அதிபர் பதவிக்கு மட்டும் பிறப்பைக் கேட்டார்கள். காரணம் அந்தக் காலத்துப் பயம். 1787 ஜூலையில் ஜான் ஜே என்ற அரசியல் தலைவர், பின்னாளில் முதல் அதிபரான ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார்: அதிபர் கையில் இருக்கப்போகும் படைத் தலைமை பிறவிக் குடிமகன் அல்லாத யாருக்கும் போகக்கூடாது என்று சொல்லி, பிறவி என்ற சொல்லுக்கு அடிக்கோடும் போட்டார். புதிதாகப் பிறந்த நாட்டை ஏதாவது ஐரோப்பிய அரச குடும்பம் உள்ளே புகுந்து பிடித்துவிடுமோ என்ற கவலை அப்போது நியாயமானதுதான். ஆனால் தங்கள் தலைமுறைக்குச் சாசனம் எழுதியவர்களே விலக்கும் எழுதிக்கொண்டார்கள்: சாசனம் ஏற்கப்படும்போது குடிமகனாக இருந்தால் போதும். கரீபியன் தீவான நெவிஸில் பிறந்த, நாட்டை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான அலெக்ஸாண்டர் ஹாமில்டனுக்குக்கூடத் தடை இருக்கவில்லை. முதல் ஏழு அதிபர்களும் பிரிட்டிஷ் பிரஜைகளாகப் பிறந்தவர்களே.

இன்னொன்று, இந்தச் சொற்றொடருக்குச் சாசனத்தில் விளக்கமே இல்லை. எந்த வேட்பாளர் விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் இதை நேரடியாகத் தீர்த்துச் சொன்னதும் இல்லை. 2008 அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் பிறந்தது பனாமா கால்வாய் மண்டலத்தில், அப்பா கடற்படை அதிகாரி. 2008இல் அவர் தகுதியானவர்தான் என்று செனட் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2016இல் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட செனட்டர் டெட் குரூஸ் பிறந்தது கனடாவின் கால்கரியில், அம்மா அமெரிக்கர், வழக்குகள் போட்டுப் பார்த்தார்கள், அவரைத் தடுக்க முடியவில்லை. ஆக, வெளிநாட்டில் பிறந்தாலும் பெற்றோர் அமெரிக்கராக இருந்து பிறவியிலேயே குடியுரிமை வந்திருந்தால் போதும் என்பதுதான் பெரும்பாலான சட்ட அறிஞர்களின் கருத்து. நம் மகள்களுக்கு அதுவும் உதவாது. அவர்கள் பிறந்த அன்று நாம் இந்தியக் குடிமக்கள்.

கமலா ஹாரிஸ் எப்படி நின்றார் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அவருடைய அம்மா சியாமளா சென்னையில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், அப்பா ஜமைக்காக்காரர், ஆனால் கமலா பிறந்தது கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில். அமெரிக்க மண்ணில் பிறந்தவர் குடிமகன் என்று 14ஆவது திருத்தம் சொல்கிறது, சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் வழக்கில் 1898இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ராஜா கிருஷ்ணமூர்த்தியோ தமிழ்ப் பெற்றோருக்கு டெல்லியில் பிறந்து மூன்று மாதக் குழந்தையாக அமெரிக்கா வந்தவர். இல்லினாய்ஸ் மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் பல முறை ஜெயித்தார், அதிபர் பதவிக்கு மட்டும் வழியில்லை.

எனக்கு இந்த விதி தவறாகவே படுகிறது. எங்களோடு வேலை பார்த்த ஒரு குடும்பம், ஹூஸ்டனில் பிறந்த பையனோடு அவன் இரண்டு வயதில் கோயம்புத்தூருக்கே திரும்பிப் போய்விட்டது. அவன் அங்கேயே படித்து வளர்ந்து, அப்புறம் வந்து 14 ஆண்டு இங்கே இருந்தால் அதிபர் தேர்தலில் நிற்கலாம். நினைவு தெரிந்த நாள் முதல் டெக்ஸாஸைத் தவிர வேறு ஊர் அறியாத என் மகள் நிற்க முடியாது. பற்று எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த விதி என்றால், அதை இது அளக்கவே இல்லை. எத்தனை ஆண்டு குடியுரிமை வேண்டும் என்று கேட்கட்டும், 20 என்றாலும் சரி. 2003இல் செனட்டர் ஓரின் ஹேட்ச் அப்படித்தான் ஒரு திருத்தம் கொண்டுவந்தார், ஆஸ்திரியாவில் பிறந்த நடிகர் அர்னால்டு ஷ்வார்ஸ்னேகருக்காக என்றே அதைப் பேசினார்கள், அது நகரவில்லை. இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதன் பிறகு 38 மாநிலங்கள் சம்மதிக்க வேண்டும், அவ்வளவு சுலபமில்லை. இந்தியாவில் குடியரசுத் தலைவருக்குப் பிறந்த இடக் கேள்வியே இல்லை, குடிமகனாகவும் 35 வயது நிரம்பியவராகவும் இருந்து, மக்களவை உறுப்பினருக்கான தகுதி இருந்தால் போதும்.

துணை அதிபர் பதவியும் கிடையாது, 12ஆவது திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. மற்றபடி செனட், பிரதிநிதிகள் சபை, அமைச்சர் பதவி, உச்ச நீதிமன்றம் எல்லாம் உண்டு. பள்ளியில் கேட்டுக்கொண்டு வருவதற்கு முன் உங்கள் மகளிடம் நீங்களே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்.

நானும் ஒரு வாரம் கழித்து என் மகளிடம் முழுசாகச் சொன்னேன். கேட்டுவிட்டு விரல்விட்டு எண்ணினாள். "செனட்டுக்கு ஒன்பது வருஷம்னா எனக்கு 25லயே முடிஞ்சிடும், ஆனா வயசு 30 ஆகணுமேப்பா" என்றாள்.