மரக்கட்டைக்கு வயது 9,500, நகரத்துக்கு?

வாசகர் கேள்வி - பதில்: பண்டைய புதிர்கள்

கேள்வி: குஜராத்தில் காம்பே வளைகுடாவுக்கு அடியில் 9,500 வருடப் பழைய நகரம் கிடைத்ததாக 2002-ல் பெரிய செய்தி வந்தது. சிந்துவெளிக்கும் முந்தியது என்றார்கள். பிறகு பேச்சே இல்லை. யாராவது அமுக்கிவிட்டார்களா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: அமுக்கும் அளவுக்கு அங்கே ஒன்றும் கையில் சிக்கவில்லை என்பதுதான் விஷயம். சென்னையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் சோனார் கருவியால் கடலடியைப் படமெடுத்தபோது, 30 முதல் 40 மீட்டர் ஆழத்தில் கட்டம் கட்டமாகச் சில உருவங்கள் தெரிந்தன. அந்த இடத்தில் கடலடியை வாரி மேலே கொண்டுவந்ததில் கல், ஓடு போன்ற துண்டுகள், மரத்துண்டு எல்லாம் கலந்து வந்தன. மரத்துண்டுக்குக் கார்பன் சோதனை செய்தார்கள். சுமார் 9,500 ஆண்டு என்று வந்தது. அந்த வயதைத் தூக்கி நகரத்துக்குச் சூட்டியதில்தான் கோளாறு.

நர்மதை, தபதி, மாஹி, சபர்மதி நான்கும் அந்த வளைகுடாவில் வந்து விழுகின்றன. இந்தியாவிலேயே ஏற்ற இறக்கம் மிக அதிகமான கடல் அது. நீரோட்டம் கடுமை, தண்ணீர் சேறு. ஆற்றோடு வந்த மரம் எங்கேயும் செருகிக்கொள்ளும். அந்த மரம் எப்போது செத்தது என்பதைத்தான் சோதனை சொன்னது. அதை யாராவது வெட்டினார்களா, அது எந்த வீட்டு உத்தரம், எந்தத் தரையில் கிடந்தது என்ற கேள்விகளுக்கு வாரி எடுத்த குவியலில் பதில் கிடையாது. ஓடு என்று காட்டிய பல துண்டுகள் இயற்கையாக இறுகிய மண்கட்டிகள் என்று தொல்லியல் அறிஞர்கள் மறுத்தார்கள். தரையோடு ஒட்டிய அடுப்பு, அதற்குள் கரி, அதே அடுக்கில் பானை ஓடு என்று மூன்றும் சேர்ந்து கிடைத்திருந்தால் கதை வேறு.

கேள்வி: கார்பன் சோதனையே தப்புத் தப்பாகக் காட்டும் என்கிறார்களே? எகிப்தின் கிசா பிரமிடையே 400 வருஷம் முன்னே தள்ளியதாமே?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தள்ளியது உண்மை. காரணத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

உயிருள்ளது சாகும்போது கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் உள்ளே வருவது நின்றுவிடும். இருப்பது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 40,000 ஆண்டில் ஏழு முறை பாதியாகி, 128-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். 50,000 ஆண்டுக்கு மேல் அளக்கப் பெரும்பாலும் எதுவும் இருக்காது. கல்லுக்கு இந்தச் சோதனை செல்லவே செல்லாது.

பிரமிடின் சாந்தில் சிக்கியிருந்த கரித்தூளை 1984-ல் அளந்தபோது, வரலாற்றுக் கணக்கைவிடச் சராசரியாக 370 ஆண்டுக்கு மேல் பழையதாக வந்தது. 1995-ல் இன்னும் நிறைய மாதிரி எடுத்து அளந்தார்கள். வித்தியாசம் 100 முதல் 200 ஆண்டாகக் குறைந்தது. சாந்துக்கான ஜிப்சம் சுட விறகு வேண்டும். மரம் அரிதான ஊரில் பழைய கட்டடத்து உத்தரம், உடைந்த தளவாடம், குப்பை எல்லாம் அடுப்புக்குத்தான் போகும். விறகு வெட்டப்பட்ட வயதை அளந்துவிட்டுச் சாந்தின் வயது என்று படித்தால் அப்படித்தான் வரும். அதனால்தான் இப்போது மரக்கரியைவிடத் தானியமணி, நாணல் போல ஒரே பருவத்தில் வளர்ந்து முடிந்ததைத் தேடுகிறார்கள்.

மறுபக்கத் தவறும் உண்டு. 17,000 ஆண்டுப் பழைய மாதிரியில் நூற்றுக்கு ஒரு பங்கு இன்றைய கார்பன் ஒட்டினால் 600 ஆண்டு இளமையாகக் காட்டும். ஆகவே மாதிரியை வெறுங்கையால் தொடக்கூடாது. பஞ்சு, காகிதம் சுற்றக்கூடாது. அலுமினியத் தாளில் மடிப்பார்கள். ஒன்று கவனியுங்கள்: பிரமிடில் பிசகியது சில நூறு ஆண்டு. அதை வைத்துக்கொண்டு, சிலர் சொல்வதுபோல் பிரமிடுக்கு வயது 12,000 ஆண்டு என்று தாண்ட வழியில்லை.

கேள்வி: பிரமிடில் 23 லட்சம் கல். அதைக் கட்டிய கூஃபு ராஜா ஆண்டது 27 வருஷம். தினம் பத்து மணி நேரம் வேலை என்றாலும் இரண்டரை நிமிஷத்துக்கு ஒரு கல் வைத்திருக்க வேண்டும். மனுஷனால் ஆகிற காரியமா?
- வாசகர், சேலம்

பதில்: வகுத்தல் சரி. ஆனால் ஒரே வரிசையில் ஒருவர் பின் ஒருவராகக் கல் கொண்டுவந்தார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. பிரமிடின் உருவத்தைப் பாருங்கள். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம் எழும்போதே மொத்தக் கல்லில் 70 சதவீதம் முடிந்துவிடும். பாதி உயரத்தில் 87.5 சதவீதம். ஒரு பக்கம் 230 மீட்டர் அகலமுள்ள தரையில், தாழ்வான உயரத்தில், பல திசையிலிருந்து பல குழுக்கள் ஒரே நேரத்தில் இழுக்கலாம். உச்சியில் வேலை நத்தை வேகம்தான், அங்கே கல்லும் கொஞ்சம்தான். உள்கல் பெரும்பாலும் பக்கத்துக் குவாரியிலேயே வெட்டிய சுண்ணாம்புக்கல்.

மேலே போர்த்திய வெள்ளைக்கல் நைல் நதிக்கு அக்கரையில் துராவிலிருந்து வந்தது. அதைக் கொண்டுவந்த ஒரு குழுவின் நாட்குறிப்பே இருக்கிறது. செங்கடல் கரையில் வாதி அல்-ஜார்ஃபில் 2013-ல் கிடைத்த பாப்பிரஸ் சுவடிகள் அவை. மெரெர் என்ற மேற்பார்வையாளர், சுமார் 40 ஆட்கள், பத்து நாளில் இரண்டு மூன்று படகு நடை. எங்கே கல் ஏற்றினார்கள், எங்கே இரவு தங்கினார்கள் என்று நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். இன்றைய லாரி டிரிப் ஷீட் மாதிரிதான்.

இழுப்பதற்குச் சறுக்கு வண்டி. கி.மு. 1900 வாக்கில் வரைந்த, ஜெஹுதிஹோதெப் என்ற எகிப்திய அதிகாரியின் கல்லறை ஓவியத்தில் 172 பேர் ஒரு பெரிய சிலையை இழுக்கிறார்கள். வண்டியின் முன்னால் நின்று ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். சடங்கு என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் சோதித்து 2014-ல் வெளியிட்ட முடிவு: அளவாக நனைத்தால் இழுவிசை பாதியாகிறது. காய்ந்த மணல் வண்டிக்கு முன் மேடாகக் குவிந்து மறிக்கும். தண்ணீர் அதிகமானாலும் இழுப்பது மறுபடி கடினமாகும்.

மேலே ஏற்றிய சரிவுப்பாதை நேராகப் போனதா, சுற்றிப் போனதா என்பதில் மட்டும் இன்றும் சண்டை ஓயவில்லை.

கேள்வி: செம்பு மெத்தென்ற உலோகம். அதை வைத்துக் கருங்கல்லை அறுத்தார்கள் என்பதை நம்பச் சொல்கிறீர்களா?
- வாசகர், நாமக்கல்

பதில்: செம்பு அறுக்கவில்லை, மணல் அறுத்தது. மோஸ் அளவில் செம்பின் கடினம் 3, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. பல்லில்லாத செம்புத் தகட்டை மணல் போட்டு முன்னும் பின்னும் இழுத்தால், செம்பு மெத்தென்று இருப்பதாலேயே மணல் துகள் அதன் விளிம்பில் பதிந்துகொண்டு கல்லைத் தேய்க்கும். மணல் மாவாகிவிடும், புதிதாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தகடும் தேயும். செலவு பிடித்த வேலை, சந்தேகமில்லை. துளை போடுவதற்குச் செம்புக் குழாயை வில் கயிற்றால் சுழற்றுவார்கள். நடுவில் நிற்கும் கல்தண்டை உடைத்து எடுத்துவிடுவார்கள். குழாய் ஆடுவதால் துளை மேலே அகன்றும் தண்டு மேலே ஒடுங்கியும் இருக்கும். அன்றே மீயொலிக் கருவி இருந்தது என்பவர்கள் ஆதாரமாகக் காட்டும் தண்டிலும் இதே ஒடுக்கம்தான்.

1880-களில் கிசாவை அங்குலம் அங்குலமாக அளந்த தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பீட்ரி, கூஃபுவின் கருங்கல் பேழையில் ஒன்றைக் குறித்து வைத்தார். ரம்பம் கோணலாக உள்ளே போய்விட்டது. தெரிந்ததும் பின்வாங்கி, பக்கத்தில் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். ராஜாவின் பேழையில் அந்தத் தடம் இன்னும் அப்படியே இருக்கிறது.

கேள்வி: வேற்றுக்கிரகவாசிகள் வரவில்லை என்று நிரூபிக்க முடியுமா?
- வாசகர், ஓசூர்

பதில்: முடியாது. கிசா தொழிலாளர் குடியிருப்பில் தோண்டியதில் ரொட்டி அச்சும் மாட்டெலும்பும் கிடைத்தன. கல்லறைகளில் மூட்டுத் தேய்ந்த எலும்புக்கூடுகள். வந்தவர்களுக்கும் முதுகுவலி இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: குமரிக்கண்டம் உண்மையா பொய்யா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: ஒரே வார்த்தையில் அடங்காது. கடல் நிலத்தைக் கொண்டது உண்மை. சுமார் 20,000 ஆண்டுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் கீழே இருந்தது. உங்கள் ஊருக்குத் தெற்கே ஆழம் குறைந்த கடலடித் திட்டு அன்று தரை. இலங்கைக்கு நடந்தே போகலாம். ஆனால் அந்தத் திட்டு முடிந்ததும் கடல் ஆயிரக்கணக்கான மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. பெருங்கடலின் அடித்தரை எரிமலைப் பாறை. மூழ்கிய கண்டம் என்றால் கண்டத்துப் பாறை அங்கே பரந்து கிடக்க வேண்டும்.

லெமூரியா என்ற கருத்து தனி. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருப்பதை விளக்க 1864-ல் விலங்கியலாளர் பிலிப் ஸ்க்ளேட்டர் ஊகித்த நிலப்பாலம் அது. பூமியின் மேலோட்டுத் தட்டுகள் நகர்வது தெரிந்த பிறகு அந்த ஊகம் தேவைப்படவில்லை. சிலப்பதிகாரம் "பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள" என்கிறது. 49 நாடு, 700 காவதம் என்ற கணக்கு பல நூற்றாண்டு கழித்து உரை எழுதிய அடியார்க்கு நல்லார் தருவது. லெமூரியாவையும் இந்த இலக்கியச் செய்தியையும் ஒன்றாக்கி வரைபடம் போட்டது இருபதாம் நூற்றாண்டு.

கேள்வி: கல்லுக்குக் கார்பன் சோதனை இல்லை என்றால் எங்கள் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிக்கு 15 லட்சம் வருஷம் என்று எப்படிச் சொன்னார்கள்? அப்படியானால் தமிழன்தானே முதல் மனிதன்?
- வாசகர், திருவள்ளூர்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில்: இல்லை. நம் இனமான ஹோமோ சேபியன்ஸுக்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் ஜெபல் இர்ஹூதில் எடுத்தவை. வயது சுமார் 3 லட்சம் ஆண்டு. 15 லட்சம் ஆண்டுக்கு முன் கல் உடைத்தவர் வேறு மனித இனம். மொழி, நாடு எல்லாம் அவருக்கு எவ்வளவோ பின்னால் வந்தவை.

இனி வயது. வெட்டவெளியில் கிடக்கும் குவார்ட்சைட் கல்லில் விண்கதிர் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்று இரண்டு கதிரியக்க அணுவகைகள் உண்டாகும். கல் ஆழமாகப் புதைந்தால் உற்பத்தி நிற்கும். முதலாவது சுமார் 7 லட்சம் ஆண்டிலும், இரண்டாவது சுமார் 14 லட்சம் ஆண்டிலும் பாதியாகும். வேகம் வேறுவேறு என்பதால் இரண்டின் விகிதம் புதைந்த காலத்தைக் காட்டும். அதோடு கீழ் அடுக்கு மண்ணில் பதிந்திருந்த காந்தத் திசை இன்றைக்கு நேர் எதிராக இருந்தது. பூமியின் காந்தம் கடைசியாகத் திரும்பியது ஏறத்தாழ 7.8 லட்சம் ஆண்டுக்கு முன். ஆகவே அந்த அடுக்கு அதற்கும் முந்தியது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழியும் ஒத்துப்போனதால் 2011-ல் முடிவு வெளியானது.

மேல் அடுக்குகளுக்கு ஒளிர்வு முறை. மணல் கடைசியாக வெயில் பார்த்தது எப்போது என்பதை அது அளக்கும். சுத்தம் செய்த குழிச் சுவரில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, இரு முனையையும் அடைத்து, சிவப்பு விளக்கு அறையில்தான் திறப்பார்கள். முனையில் இருக்கும் மண் வெளிச்சம் பட்டது, அதை ஒதுக்கிவிட வேண்டும். புதையும் முன் மணல் போதிய வெயில் காணவில்லை என்றால் வயது கூடும். கறையான், வேர், எலி வளை வழியாக மேல் மண் இறங்கியிருந்தால் குறையும். இப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்த மாதிரிகளில்தான் 2018-ல் அங்கே இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன்பே தொடங்கியதாக அறிவித்தார்கள். மனித எலும்பு மட்டும் அங்கே கிடைக்கவில்லை. அதனால் செய்தவர் எந்த இனம் என்று பெயர் வைக்க முடியாது.