மீன் விழுவதற்கு முன்னால்

அன்புள்ள அக்கா,

நான் காசிமேட்டுப் பையன். பாரீஸில் மேல்படிப்பு, இது இரண்டாவது வருஷம். ஒரு வருஷமாக வேகன். கறி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். காரணத்தை எழுதினால் கடிதம் நீளும். இங்கே போலிக் கறி பாக்கெட்டுகளை வாங்கி வறுத்துத் தின்று நாக்கு செத்துவிட்டது, காசும் கரைகிறது. மே மாதம் ஊருக்கு வருகிறேன். அம்மா மீன் விற்கிறவர். அந்தக் காசில்தான் படித்தேன். வீடியோ காலில் விஷயத்தைச் சொன்னதும், "இன்னாடா, ஐயரு வூட்டுப் புள்ளையாயிட்டியா?" என்று கேட்டுவிட்டு ஃபோனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டார். நான் செய்வது துரோகமா அக்கா?

எஸ்., பாரீஸ்

அன்புள்ள தம்பி,

கடிதத்தின் அடியில் பாரீஸ் என்று பார்த்ததும், பாரிமுனையில் இருந்துகொண்டு எதற்கு மின்னஞ்சல், ஒரு ஷேர் ஆட்டோ பிடித்தால் தண்டையார்பேட்டைக்கே வந்துவிடலாமே என்று நினைத்தேன். நம் பக்கத்தில் பாரீஸ் என்றால் அதுதானே.

நான் மீன் சாப்பிடுகிறவள். நெத்திலிக் கருவாடு வறுபடும் வாசனை வந்தால் எழுதுவதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவேன். அது தெரிந்துகொண்டு மேலே படி.

துரோகமெல்லாம் ஒன்றும் இல்லை. மீன் விற்ற காசில் படித்தவன் சாகும்வரை மீன் தின்ன வேண்டும் என்றால், நகைப் பட்டறைக்காரர் பிள்ளை கழுத்து நிறையச் சங்கிலியோடுதான் திரிய வேண்டும். ஆனால் அம்மா கேட்டதில் வேறொரு வலி இருக்கிறது. "நீங்க வெஜ்ஜா?" என்று கேட்டுவிட்டு வாடகைக்கு வீடு இல்லை என்று கதவைச் சாத்தியவர்களை அவருக்குத் தெரியும். கூடையோடு பஸ்ஸில் ஏறினால் மூக்கைப் பொத்துகிறவர்களையும் தெரியும். தன் பிள்ளை அந்தக் கதவுக்கு உள்பக்கம் போய்விட்டானோ என்ற பயம்தான் அப்படிக் கேட்க வைத்திருக்கிறது. அந்தச் சைவத்தில் நெய்யும் தயிரும் தாராளமாக உண்டு, உன்னுடையதில் அதுவும் கிடையாது. "அவங்க வூட்டு நெய்ப் பொங்கலையும் நான் தொடமாட்டேம்மா" என்று சொல்லிப் பார். சிரித்தாலும் சிரிப்பார். மற்றபடி அவர் கூடை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மீனின் வேதனையைப் பற்றி வகுப்பெடுக்காதே.

சரி, அடுப்புக்கு வருவோம்.

அந்தப் பாக்கெட்டுகளை முதலில் நிறுத்து. கறி மாதிரி, சீஸ் மாதிரி என்று மாதிரிகளைத் தின்றால் நாக்கு ஏமாந்துதான் போகும். மீன்குழம்பை எடுத்துக்கொள். நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, வீட்டு மிளகாய்த்தூள், கெட்டிப் புளிக்கரைசல். கொதித்து, சட்டி ஓரத்தில் எண்ணெய் பிரிந்து சிவப்பாய் வளையம் கட்டும்வரை அதில் மீன் கிடையாது. மீன் கடைசியில் விழுகிறது, சில நிமிஷத்தில் சட்டியை இறக்கிவிடுவார்கள். அதுவரை இருப்பது முழுக்க முழுக்க உன் சாப்பாடு. ஐப்பசி மழையில் படகு போகாத நாட்களில் எங்கள் வீட்டில் அதே குழம்பில் கத்திரிக்காயும் மாங்காயும் விழும். யாரும் அதற்கு வேகன் என்று பேர் வைக்கவில்லை. காசு இல்லாத நாள் என்றுதான் பேர். கடல் வாசனை இல்லாமல் இறங்காது என்றால், பிரான்சின் பிரிட்டனிக் கரையில் எடுக்கும் கடற்பாசியை உலர்த்தி விற்கிறார்களே, அதில் ஒரு சிட்டிகை நொறுக்கிப் போடு. ஒரு சிட்டிகைதான், கூடினால் குழம்பு கெட்டது.

புளியும் முருங்கைக்காயும் லா சப்பல் பக்கத்து ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும். அங்கே பாட்டிலில் இருக்கும் கட்டா சம்பல், சீனிச் சம்பலை மட்டும் பார்த்து வாங்கு. மாசிக் கருவாடு சேர்ப்பது அவர்கள் வழக்கம். மிளகாய்ச் சிவப்பில் கண்ணுக்குத் தெரியாது. பாக்கெட் எதுவானாலும் பின்பக்கத்தைப் படி: பால், முட்டை, மீன், இறால் வகை கலந்திருந்தால் அந்தச் சொல்லைத் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ எடுத்துக்காட்ட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். ஓட்டலில் 'வெஜிடேரியன்' என்று சொன்னால் சீஸ் வரும், 'வெஜிடாலியன்' என்று சொல். பிரெஞ்சுக்காரர்கள் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள், நம் பேச்சில் அப்படிப் பிரித்துச் சொல்வது அவ்வளவாக இல்லை. குருவாஸானில் வெண்ணெய் ஊறியிருக்கும். ஆனால் 'திராதிஸியோன்' பாகெத் ரொட்டியில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, இவற்றோடு கொஞ்சம் அவரை, சோயா மாவு, மால்ட் தவிர வேறு சேர்க்கக்கூடாது என்று 1993-லேயே ஆணை போட்டுவிட்டார்கள். அதைப் பிய்த்து வத்தக்குழம்பில் தோய்த்துப் பார்.

தயிருக்கு, வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து காய்ச்சு. வெதுவெதுப்பில் நாலைந்து மிளகாய்க் காம்பைப் போட்டு, அடுப்பைப் போடாமல், உள்விளக்கு மட்டும் எரியும் மின்சார ஓவனுக்குள் வை. முதல் தடவை சொதப்பும். இன்னொன்று, பி12 மாத்திரையை விடாதே. பழைய சோற்றிலேயே எல்லாம் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி உட்காராதே.

நீ வருகிற மே மாதம் மீன்பிடித் தடைக்காலம், மறந்துவிட்டாயா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். சின்னப் படகுகள் கொண்டுவருவதுதான் மீன், விலையைக் கேட்டால் தலை சுற்றும். அம்மா கையில் காசு குறைகிற நேரம். அதனால் பாதாம் பால், முந்திரிச் சீஸ் என்று லிஸ்ட் நீட்டாதே. குழம்பில் மாங்காய் விழுந்ததும் ஒரு சின்னச் சட்டியில் தனியாக எடுத்து வைக்கச் சொல். தங்கச்சி உன் சட்டியில் தெரியாமல் கரண்டியை மாற்றிப் போட்டுவிட்டால் கத்தாதே.

வந்ததும் ஒரு சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கம் வா. பர்மாவிலிருந்து வந்த நம் ஆட்கள் போட்ட அத்தோ கடைகள் இன்னும் இருக்கின்றன. நூடுல்ஸ், முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மேலே பேஜோ என்கிற மொறுமொறு வறுவலை நொறுக்கிப் போடுவார்கள். மொய்ங்கா என்கிற பர்மா நூடுல்ஸ் சூப் பக்கம் போகாதே, அதன் குழம்பே மீனில் வைப்பது. ஒரு அத்தோ முட்டை இல்லாமல் உனக்கு, இன்னொன்று முட்டையோடு எனக்கு. காசு நான் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அக்கா