மணமுள்ள வெள்ளை ஒயின்: கேள்வி பதில்

கெவூர்ட்ஸ்ட்ராமினர், ரீஸ்லிங், மஸ்கட், வியோனியே என்ற திராட்சைகளிலிருந்து அதே பெயரில் வரும், மணம் தூக்கலான வெள்ளை ஒயின்களைச் சுவைப்பது பற்றியும் அவற்றோடு எதைச் சாப்பிடுவது என்பது பற்றியும் வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: கெவூர்ட்ஸ்ட்ராமினர் பாட்டிலில் இனிப்பில்லாத ஒயின் என்று போட்டிருந்தது. குடித்தால் இனிக்கிறதே, எப்படி?

பெரும்பாலும் அது மூக்கு செய்கிற வேலை. லிச்சிப் பழத்தின் மணத்துக்கு முக்கியக் காரணமான சிஸ்-ரோஸ் ஆக்சைடு என்ற வேதிப்பொருள் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. லிச்சி, ரோஜா வாசனை வந்தாலே இனிப்பு வரும் என்று பழகிய மூளை, சர்க்கரையே இல்லாவிட்டாலும் இனிப்பைச் சேர்த்துக்கொள்கிறது.

ஒன்று செய்து பாருங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடித்து, வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருங்கள். அப்போதும் இனித்தால் உண்மையிலேயே சர்க்கரை இருக்கிறது. அப்புறம் விழுங்கிவிட்டு மூக்கை விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து ரோஜா மணம் குப்பென்று ஏறும், 'இனிப்பும்' கூடவே திரும்பி வரும்.

மூக்கைப் பிடித்திருந்தபோது நாக்குக்குத் தெரிந்தது என்ன? குறைவான புளிப்பு, எண்ணெய்ப்பசை போன்ற கனம், 13, 14 சதவீத ஆல்கஹாலின் சூடு, கடைசியில் லேசான கசப்பு. இந்தத் திராட்சையின் தோல் இளஞ்சிவப்பு; அந்தத் தோலிலிருந்து இறங்கும் ஃபீனால்கள் என்ற பொருள்கள்தான் கசக்கின்றன. சாப்பாட்டை இந்த நாலுக்கும் பொருத்தமாகத் தேர்ந்தெடுங்கள். ரோஜா மணத்தை நம்பித் தேர்ந்தெடுத்தால் தட்டும் கிளாஸும் சண்டை போட்டுக்கொள்ளும்.

வாங்கும்போதே தெரிய வேண்டுமென்றால், பிரான்சின் அல்சாஸ் ஒயின்களில் 2021 அறுவடையிலிருந்து இனிப்பின் அளவை லேபிளில் போடுவது கட்டாயம். செக் (இனிப்பில்லாதது), டெமி-செக், முவலூ, டூ என்று வரிசையாக இனிப்பு கூடும்.

கேள்வி: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றலாமா?

வேண்டாம். மணம் ஆவியாகி எழுந்தால்தான் மூக்குக்கு வரும். 4 டிகிரியில் அது அடங்கிக் கிடக்கும், கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். 10 முதல் 12 டிகிரி சரியாக இருக்கும். இருபது நிமிடம் வெளியே வைத்தால் போதும்.

கேள்வி: எந்த மாதிரி கிளாஸ்?

வாய் குறுகியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், மணம் தங்க இடம் வேண்டும்.

கேள்வி: காரமான சாப்பாட்டுக்குக் கெவூர்ட்ஸ்ட்ராமினர்தான் ஏற்றது என்று எல்லோரும் சொல்கிறார்களே?

பாதிதான் சரி. இஞ்சி, பட்டை, கிராம்பு, ஏலக்காய் சேர்ந்த சமையலுக்கு அருமையாகப் பொருந்தும், அதிலும் தேங்காய்ப்பாலோ கொழுப்புள்ள வாத்து, பன்றி இறைச்சியோ இருந்தால். மிளகாய் வேறு கதை. மிளகாயை எரிய வைக்கும் காப்சைசின் என்ற பொருளும் ஆல்கஹாலும் வாயில் வெப்பத்தை உணரும் ஒரே உணர்வியைத்தான் தூண்டுகின்றன. 14 சதவீத ஒயினை மேலே ஊற்றினால் எரிச்சல் கூடத்தான் செய்யும். மிளகாய்க்கு, ஜெர்மனியின் மோசெல் பகுதியில் வரும் 8, 9 சதவீத ஆல்கஹால் உள்ள, கொஞ்சம் இனிப்பான ரீஸ்லிங்கை எடுங்கள். சர்க்கரை எரிச்சலைத் தணிக்கும், புளிப்பு வாயைக் கழுவிவிடும்.

கேள்வி (இன்னொருவர்): ஒத்துக்கொள்ள முடியாது. காப்சைசின் ஆல்கஹாலில் கரையும். அப்படியென்றால் ஒயின் காரத்தைக் கரைத்துக்கொண்டு போகத்தானே வேண்டும்?

கரையும், ஆல்கஹால் செறிவாக இருந்தால். ஒயினில் பெரும்பகுதி தண்ணீர். 14 சதவீதத்தில் கரைவது கொஞ்சம், எரிவது அதிகம். காரமானதை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஒரு கிளாஸில் மோசெல் ரீஸ்லிங், இன்னொன்றில் கெவூர்ட்ஸ்ட்ராமினர் என்று மாற்றி மாற்றிக் குடியுங்கள். நாக்கே தீர்ப்புச் சொல்லிவிடும்.

கேள்வி (அவரே): எனக்கு எரிச்சல்தான் பிடிக்கும் என்றால்?

தாராளமாகக் குடியுங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் அந்த எரிச்சலில் ஒயினின் நுட்பமான மணம் எதுவும் தெரியாது. நல்ல பாட்டிலை அதற்குச் செலவழிப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: ஐஸ் கட்டி போட்டுக் குடிக்கலாமா?

குளிரைப் பற்றி மேலே சொன்னேன். ஐஸ் போட்டால் மணம் அடங்குவதோடு ஒயின் நீர்த்தும் போகும்.

கேள்வி: சீஸ்?

அல்சாஸை ஒட்டிய வோஜ் மலைப்பகுதியின் மன்ஸ்டர் சீஸ். தோலைக் கழுவிக் கழுவிப் பதமாக்குவது, வாடை அறையையே நிரப்பும், உள்ளே மென்மையாகவும் உப்பாகவும் இருக்கும். உப்பு ஒயினின் கசப்பைத் தணிக்கிறது, கொழுப்பு ஒயினின் கனத்துக்கு ஈடுகொடுக்கிறது. சீரகம் தூவிச் சாப்பிடுவது அங்கே வழக்கம். எனக்குத் தெரிந்த ஜோடிகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

கேள்வி: வினிகர் ஊற்றிய சாலட்டோடு?

கெவூர்ட்ஸ்ட்ராமினர் சப்பென்று ஆகிவிடும். தட்டில் புளிப்பு இருந்தால் ஒயினிலும் அதே அளவு புளிப்பு வேண்டும். ரீஸ்லிங்.

கேள்வி: பழைய ரீஸ்லிங்கில் பெட்ரோல் வாடை. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. வயதாக ஆக ரீஸ்லிங் ஒயினில் டிடிஎன் என்ற பொருள் உருவாகும், அதன் வாடைதான் இது. பலர் விரும்பித் தேடுவது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால்தான் குறை. அது கார்க்கிலிருந்து வரும் டிசிஏ என்ற பொருளின் வாடை. அதைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: மாத்திரை சாப்பிடுகிறேன், ஒரு கிளாஸ் குடிக்கலாமா?

மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்தால் சரியா?

இதுவும் குளிர்க் கேள்விதான். அறைச் சூட்டில் இருக்கும் பாட்டிலென்றால் வைக்கலாம். ஏற்கெனவே ஃபிரிட்ஜில் இருந்ததென்றால் தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் போல ஏதோ மின்னுகிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை. திராட்சையிலிருக்கும் டார்டாரிக் அமிலம் குளிரில் பொட்டாசியத்தோடு சேர்ந்து படிகமாகியிருக்கிறது. பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றி, கடைசி மடக்கை விட்டுவிடுங்கள்.