கதைப் புத்தக செட்டுக்கு 6,500 ரூபாய் கொடுக்காதீர்கள்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் தமிழ்வழியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத்தில் 78 மார்க். ஆனால் 'நேற்று நான் பாட்டி வீட்டுக்குப் போகவில்லை' என்று சொந்தமாக எழுதச் சொன்னால் திணறுகிறாள். ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் மூன்று மாதத்துக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். வீடு தேடி வந்த ஒருவர், உலகப் புகழ்பெற்ற சிறுவர் கதைகள் 6,500 ரூபாய் என்று சொல்லி 1,000 ரூபாய் முன்பணமும் வாங்கிப் போயிருக்கிறார். "முதலில் இலக்கணமா, கதையா? ஆங்கிலம் தெரியாத நான் எப்படி உதவுவது?" என்பது அவர் கேள்வி.

கதைதான் முதலில், அம்மா. இலக்கணம் கதைக்குப் பின்னால், ஒரு நேரத்தில் ஒரு விதியாக வரட்டும்.

அந்த 78 மார்க் மனப்பாடத்துக்குக் கிடைத்தது. உங்கள் மகளின் பாடப்புத்தகத்திலேயே நான்-டீடெயில் பகுதியில் கதைகள் இருக்கின்றன. பல பள்ளிகளில் அதைப் பிள்ளைகள் வாய்விட்டு வாசிப்பதே கிடையாது. சுருக்கத்தைப் போர்டில் எழுதிப்போட்டு நோட்டில் எடுக்கச் சொல்கிறார்கள். கதையைப் படிக்காத பிள்ளையும் கதைக் கேள்விக்கு முழு மார்க் வாங்கிவிடுகிறது. நூலகப் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லை என்ற பழி மட்டும் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

இனி அந்த செட் விஷயம். ஏஜென்ட் காட்டியவற்றில் ஈசாப் கதைகள், ஆண்டர்சன் கதைகள், ஆஸ்கார் வைல்டின் 'ஹாப்பி பிரின்ஸ்' எல்லாம் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வைல்டின் அந்தத் தொகுப்பு 1888இல் வந்தது. அவர் இறந்தது 1900இல். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் ஆனால் காப்புரிமை முடிந்துவிடும். அதனால் இந்த மூலக் கதைகளைப் 'ப்ராஜெக்ட் குட்டன்பர்க்' தளத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். பளபளக்கும் அட்டைக்கும் ஏஜென்ட் கமிஷனுக்கும்தான் 6,500 ரூபாய். பள்ளி வழியாகவே ஆள் வந்தாலும் பதில் அதேதான்.

ஆனால் வைல்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் கதைகளைப் படிநிலை வாரியாகப் பிரித்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். இரண்டாம் படிநிலையில் ஒன்றை எடுங்கள். முதலில் நீங்கள் இருவரும் தமிழில் படியுங்கள். பிறகு அவள் ஆங்கிலத்தில் வாய்விட்டு வாசிக்கட்டும். கதை தெரிந்திருப்பதால் எங்கே தடுமாறுகிறாள் என்று உங்களுக்கே பிடிபடும். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தெரியவில்லை என்றால் அந்தக் கதை இப்போதைக்கு வேண்டாம். அகராதியை முதல் வாசிப்பில் தொடவே கூடாது. ஒரே கதையை ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் புத்தகத்தை மூடிவிட்டு ஐந்து வரி சொந்தமாக எழுதட்டும்.

இலக்கணம் அந்த ஐந்து வரியிலிருந்து தொடங்கும். 'டிட் நாட் வென்ட்' என்று எழுதுவாள். தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறார்கள். நாம் 'போனேன்' என்கிறோம், ஆனால் 'போனவில்லை' என்பதில்லை, 'போகவில்லை' என்கிறோம். ஆங்கிலத்திலும் 'டிட்' வந்துவிட்டால் 'வென்ட்' மறுபடி 'கோ' ஆகிவிடும். இதை நீங்களே சொல்லிக் கொடுக்கலாம். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. கதைகள் பெரும்பாலும் இறந்தகாலத்தில் நடப்பதால் 'வென்ட், சா, டுக், கேவ்' எல்லாம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பட்டியல் போட்டு உருப்போட வேண்டாம்.

நான்கைந்து மாதம் கழித்து வைல்டின் 'செல்ஃபிஷ் ஜயன்ட்' கதைக்குப் போகலாம். சிறிய கதை. தோட்டத்துக்குச் சுவர் எழுப்பி, உள்ளே வந்தால் வழக்கு என்று அரக்கன் பலகை வைக்கிறான். அந்தப் பலகையின் ஆங்கிலம் கடினம்தான். ஆனாலும் நம் ஊர்ச் சுவர்களில் அதே எச்சரிக்கையைப் பார்த்திருக்கும் பிள்ளைக்குப் பொருள் தானாக விளங்கிவிடும்.

ஒரே ஒருவரிடம் மட்டும் எச்சரிக்கை: கிப்ளிங். 1902இல் வந்த அவருடைய 'ஜஸ்ட் சோ ஸ்டோரீஸ்' இப்படிப்பட்ட செட்டுகளில் இருக்கலாம். யானைக்குத் தும்பிக்கை வந்த கதை அதில்தான் வருகிறது. யானைக்குட்டியின் அடங்காத ஆர்வத்தைச் சொல்லும்போது, மழலை போலத் தொனிக்க வேண்டும் என்று 'சேஷியபிள் கர்ட்டியாசிட்டி' என்று வேண்டுமென்றே பிழையாக எழுதுகிறார். சரியான வடிவம் 'இன்சேஷியபிள் கியூரியாசிட்டி'. பெரிய எழுத்து வரக்கூடாத இடங்களிலும் பெரிய எழுத்துப் போடுகிறார். ஆங்கிலத்தில் ஊறிய பிள்ளை சிரித்துக்கொண்டே கடந்துவிடும். உங்கள் மகள் அச்சில் இருப்பதால் சரி என்று நம்பி அப்படியே தேர்வில் எழுதுவாள். ஆசிரியர் சுழித்துவிட்டால் அதற்குப் பிறகு எந்தக் கதைப் புத்தகத்தையும் நம்பமாட்டாள். நன்றாக ஆங்கிலம் தெரிந்த ஒருவர் உரக்கப் படித்துக் காட்டினால் கேட்கட்டும். தனியாகப் படிக்க இன்னும் இரண்டு ஆண்டு போகட்டும்.

சென்டருக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். ஆறு மாதம் கதை படித்த பிறகும் பேசக் கூச்சம் இருந்தால் யோசிக்கலாம். அப்போதும் மாதாமாதம் கட்டணம் வாங்கும் இடமாகப் பாருங்கள். ஒரு வகுப்பில் அவளை உட்காரவைத்து, ஒரு மணி நேரத்தில் அவள் எத்தனை நிமிடம் பேசினாள் என்று கேளுங்கள். சில இடங்களில் ஆசிரியர் மட்டுமே பேசிக்கொண்டிருப்பார். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டாலோ, கடன் செயலி வழியாகத் தவணை போடச் சொன்னாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

ஏஜென்டிடம் கொடுத்த 1,000 ரூபாய்க்கு ரசீது இருந்தால் எடுத்து வையுங்கள். செட் வேண்டாம் என்று இன்றே வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள்.